மாட்டு மினரல் மிக்சரை சினை செம்மறிக்கு வைக்கலாமா?

கேள்வி: சினையா இருக்குற செம்மறிங்க மண்ணு, பழைய எலும்புன்னு கண்டதையும் கடிக்குதுங்க சார். போன ஈத்துல ரெண்டு குட்டி பின்னங்கால் தள்ளாடிக்கிட்டே பொறந்து நிக்க முடியாம செத்துப்போச்சு. மாட்டுக்கு வாங்குன மினரல் மிக்சர் மூட்டை இருக்கு, அதையே குடுத்துரலாமா?

பதில்: வேண்டாங்க, அந்த மூட்டை மாட்டுக்கே இருக்கட்டும். மாட்டுக் கலவையில காப்பர் சேத்திருப்பாங்க, மாடு தாங்கும், செம்மறி தாங்காது. உள்ள போன காப்பரை வெளியேத்துற சக்தி செம்மறிக்கு ரொம்ப கம்மி, அது ஈரல்ல சேந்துக்கிட்டே இருக்கும், மாசக்கணக்கா வெளிய ஒண்ணுமே தெரியாது, ஒருநாள் வண்டில ஏத்தினாலோ தீவனம் மாறினாலோ மொத்தமா ரத்தத்துல இறங்கி சிவப்பணு உடைஞ்சு, கண்ணு மஞ்சளாகி மூத்திரம் டீ டிகாஷன் கலர்ல போகும், ரெண்டு மூணு நாள்ல ஆடு போயிரும்.

ஆனா சிக்கல் என்னன்னா, நீங்க சொல்ற தள்ளாட்டம் காப்பர் பத்தாததால கூட வரும். வயித்துல குட்டிக்கு தண்டுவடம் உருவாகும்போது காப்பர் இல்லன்னா நரம்பு சரியா வளராது, பொறந்தப்புறம் மருந்து குடுத்தாலும் அந்த சேதம் திரும்பாது. தீவனத்துல காப்பர் இருந்தாலும் மாலிப்டினமும் கந்தகமும் ஜாஸ்தின்னா உடம்புல ஒட்டாது, அதனால தீவனத்தை மட்டும் பாத்து முடிவு பண்ண முடியாது. இதுக்கு நடுவுல செலினியம், வைட்டமின் ஈ குறைஞ்சாலும் குட்டி விறைப்பா நடக்கும், எந்திரிக்காது, பாக்க ஒரே மாதிரி தெரியும். அதான் சொல்றேன், டாக்டரை வெச்சு நாலஞ்சு ஆட்டுக்கு ரத்தம் எடுங்க, இனிமே குட்டி செத்தா புதைக்காம ஈரல் சாம்பிள் குடுங்க. ரிப்போர்ட் வராம காப்பர், செலினியம் ரெண்டுமே ஊசியா போட வேண்டாம், செலினியமும் கொஞ்சம் கூடினா விஷம்தான்.

எலும்பு கடிக்கிறது பெரும்பாலும் பாஸ்பரஸ் பத்தாம. செத்த பிராணி எலும்புல இருந்து பொட்டுலிசம் விஷம் ஏறி ஆடு முடங்கிரும், மேய்ச்சல்ல கிடக்குறதெல்லாம் முதல்ல பொறுக்கி எரிச்சிருங்க. செம்மறிக்குன்னே வர்ற, காப்பர் சேக்காத கலவையா பாத்து, லேபிள்ல போட்ட அளவுக்கு அடர்தீவனத்துல கலந்து குடுங்க, கட்டியா தொங்கவிட்டா பலசாலி ஆடு நக்கும், பயந்த ஆடு கிட்டயே போகாது. சினை சுமார் 5 மாசம், குட்டியோட எடையில பெரும்பங்கு கடைசி 6 வாரத்துலதான் ஏறுது, தீவனத்தை கூட்ட வேண்டியது அப்பதான். ஆனா தண்டுவட விஷயம் நடுச்சினைலயே ஆரம்பிச்சிரும், அதனால டெஸ்ட்டை தள்ளிப்போடாதீங்க.

கடைசி வாரங்கள்ல ஆடு திடீர்னு படுத்துட்டா கால்சியம் குறைவா இருக்கலாம், ரெட்டைக்குட்டி சுமக்குறதுக்கு சக்தி பத்தாமலும் அப்படி விழும். டாக்டர் கால்சியம் போட்டா முதல் வகை சீக்கிரமே எந்திரிச்சிரும், எந்திரிக்கலன்னா ரெண்டாவதை சந்தேகப்படணும்.

இன்னொன்னு, குளம்பு அழுகலுக்கு மயில்துத்தக் கரைசல் வெச்சிருந்தா ஆடு அதைக் குடிக்காம பாத்துக்கங்க, அதுவும் காப்பர்தான். ஜிங்க் சல்பேட்டுக்கு மாறிடுறது நல்லது.