பீப் சத்தம் போட்டால் போர்டு உயிரோடு இருக்கிறது

வாசகர் கேள்விகள்: கம்ப்யூட்டர் ரிப்பேர்

(பதில் சொல்பவர், மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் 19 வருடம் ரிப்பேர் கடை வைத்திருந்தவர்.)

கேள்வி: எனக்கு வயது 66. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. வீட்டு டெஸ்க்டாப்பை ஆன் செய்தால் ஃபேன் ஓடுகிறது, நீளமாகப் பீப் பீப் என்று கத்துகிறது, திரையில் ஒன்றும் வருவதில்லை. பக்கத்துக் கடையில் காட்டினேன். ஐந்து நிமிடம்கூடப் பார்க்காமல் 'மதர்போர்டு போயிருச்சும்மா, 6,500 ஆகும்' என்றார். பெங்களூரில் இருக்கும் மகன், 'வீடியோ பாத்து நீயே கழட்டும்மா' என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. நம்பிக்கையான கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? இல்லை, நானே பார்த்துவிடலாமா?
வாசகி, திருமங்கலம்

பதில்: டீச்சர், முதலில் அந்தச் சத்தத்தைப் பார்ப்போம். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகையான மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சின்ன புரோகிராம் எழுந்து, நீங்கள் காலையில் வருகைப் பதிவு எடுப்பதுபோல ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்க்கும். ராம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி அட்டை) வந்திருக்கிறதா, டிஸ்ப்ளே வந்திருக்கிறதா என்று. ஆள் குறைந்தால் கத்தும். அப்படிக் கத்தவே பிராசசரும் போர்டும் ஓரளவு வேலை செய்தாக வேண்டும். அடியோடு போன போர்டு கம்மென்று கிடக்கும். பீப் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் மதர்போர்டுக்கு நாள் குறித்தவர், ஒன்று அவசரக்காரர், இல்லை உங்கள் வெள்ளை முடியைப் பார்த்துச் சொன்னவர்.

நீளமான பீப் திரும்பத் திரும்ப வந்தால் என் மேஜையில் அது பெரும்பாலும் ராமாகத்தான் இருந்தது. ராம் கெட்டிருக்கக்கூட வேண்டியதில்லை. நம் ஊர்த் தூசியும் ஈரக்காற்றும் சேர்ந்து அதன் காலில் இருக்கும் தங்கப் பூச்சின் மேல் மங்கலாக ஒரு படலம் படிந்திருக்கும், அவ்வளவுதான். இதை நீங்களே செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு (உடம்பில் இருக்கும் ஸ்டேட்டிக் கரண்ட் இறங்கிவிடும்) ராமின் முனைகளில் உள்ள கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் அது தானாக எழும்பும். இரண்டு இருந்தால் எது எந்த இடத்தில் இருந்தது என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, 30 வருடம் உங்கள் பையில் கிடந்த அதே பென்சில் ரப்பர். தங்கக் கோடுகளை மெதுவாகத் தேயுங்கள், ரப்பர் கருக்கும். மை அழிக்கிற நீல ரப்பர் வேண்டாம், அது சொரசொரப்பு, பூச்சையே சுரண்டிவிடும். துகளைத் துணியால் துடைத்துவிட்டு, ராமின் நடுவே இருக்கும் வெட்டும் ஸ்லாட்டில் இருக்கும் மேடும் பொருந்தும்படி வைத்து, இரு முனையையும் அழுத்துங்கள். கிளிப் 'டக்' என்று விழ வேண்டும். முதல் தடவை பயந்து பாதிதான் அழுத்துவீர்கள், எல்லாரும் அப்படித்தான்.

அப்புறமும் கத்தினால், இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கடைக்குப் போகலாம். போகும்போது வெறும் கையோடு போகமாட்டீர்கள், 'ராமைத் துடைச்சு, மாத்திப் போட்டுப் பாத்துட்டேன்' என்று சொல்லிக்கொண்டு போவீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கே விலை இறங்குவதை நான் கவுன்ட்டரின் அந்தப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

திறந்த கையோடு பின்னால் இருக்கும் பவர் சப்ளை பெட்டியையும் திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் கரண்ட் தங்கி நிற்கும். ஒரு தடவை ஒரு அரிசி மண்டியிலிருந்து வந்த பெட்டியைக் கவிழ்த்தபோது கருகிப்போன பல்லி ஒன்று மேஜையில் விழுந்தது. மண்டிக்காரர் ரொம்பக் கவலையாக, 'இதுக்குப் பஞ்சாங்கத்துல என்ன பலன் போட்டிருக்கு?' என்று கேட்டார். பலன், புது பவர் சப்ளை.

எதை நாமே செய்யலாம், எதைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதில் வேலை சுலபமா கஷ்டமா என்று நான் பார்ப்பதில்லை. கெட்டுப்போனால் திரும்ப வாங்க முடியுமா என்றுதான் பார்ப்பேன். ராம், கீபோர்டு, தூசி தட்டுவது, தேதி பழைய வருடத்துக்கே போய்க்கொண்டிருந்தால் மாற்ற வேண்டிய சிஆர்2032 நாணய பேட்டரி, இதிலெல்லாம் தப்பு நடந்தால் போவது பணம்தான். ஹார்ட் டிஸ்க் அப்படி இல்லை.

இது என் கதை. 2009-ல் உசிலம்பட்டிப் பக்கத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார், உள்ளே ஒரு கல்யாணம் முழுக்க. மாட்டினால் டிக், டிக் என்று சத்தம். அந்தச் சத்தம் வந்தால் உள்ளே சுழலும் தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் ஹெட் தடுமாறுகிறது, உடனே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், வேறு கேபிள், வேறு போர்ட், வேறு கம்ப்யூட்டர் என்று சாயங்காலம் வரை பத்துப் பதினைந்து தடவை ஓடவிட்டேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஹெட் தட்டைச் சுரண்டியிருக்கிறது. பிறகு டேட்டா ரெக்கவரி செய்கிறவர்களிடம் அனுப்பினோம், தட்டில் வளையமாகக் கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் தேறாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாலி கட்டிய படம் யாரோ ஒரு உறவுக்காரரின் மொபைலில் மங்கலாக ஒன்று இருந்திருக்கிறது. அதைப் பெரிதாக்கி ஆல்பத்தில் ஒட்டியதாக ஸ்டுடியோக்காரர் பிறகு சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சரி, கடைக்கு வருவோம். நீங்கள் புது டெய்லரிடம் எடுத்த எடுப்பில் பட்டுப்புடவை ரவிக்கையைக் கொடுப்பீர்களா? சாதா பருத்தித் துணியில் ஒன்று தைக்கச் சொல்லி, கை அளவு சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள். ரிப்பேர் கடையும் அப்படித்தான். எல்லாம் நன்றாக ஓடும்போதே தூசி தட்டுவது, ஃபேன் மாற்றுவது மாதிரி சில நூறு ரூபாய் வேலை ஒன்றைக் கொடுங்கள். அவர் பெட்டியைத் திறக்கும் முன் 'இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? கரண்ட் போச்சா? யாராவது தொட்டாங்களா?' என்று கேட்டால் நல்ல ஆள். மாடல், சீரியல் நம்பர், புகார், இவ்வளவுக்கு மேல் போனால் போன் செய்கிறேன் என்ற தொகை, இதெல்லாம் எழுதி ஜாப் ஷீட் கொடுத்தால் இன்னும் நல்லது. மாற்றிய பழைய பொருளைக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுப்பவரை விட்டுவிடாதீர்கள்.

தொழில் ரகசியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பழைய சகாக்கள் கோபித்துக்கொள்ளட்டும். 'சிப் லெவல் சர்வீஸ்' (மதர்போர்டில் இருக்கும் சின்னச் சின்ன சிப்பையே சரிசெய்வது) என்று போர்டு மாட்டிய கடைகளில் பலவற்றில் அந்த வேலைக்கான மேஜையே கிடையாது. பகலில் வாங்கி வைத்ததைச் சாயங்காலம் பையில் போட்டு, அந்த வேலை தெரிந்த ஒரு பெஞ்சுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, தன் பங்கைச் சேர்த்து உங்களிடம் வாங்குவார்கள். அது தப்பில்லை, நானும் செய்திருக்கிறேன். 'இங்கயே பாக்குறீங்களா, வெளிய அனுப்புறீங்களா?' என்று கேளுங்கள். 'வெளியதான் அனுப்புறேன், மூணு நாள் ஆகும்' என்பவரை நம்பலாம். 'எல்லாம் இங்கயேதான்' என்று சொல்லிவிட்டு உள்ளே எட்டிப்பார்க்க விடாதவரிடம் ஜாக்கிரதை.

நானே ஏமாந்தேன் என்றால் நம்புவீர்களா? கடையை மூடிய பிறகு என் கொழுந்தியாளின் லேப்டாப்பை நானே ஒரு கடைக்குக் கைகாட்டி அனுப்பினேன். 8 ஜிபி ராமோடு போனது 4 ஜிபியோடு திரும்பி வந்தது. ஸ்லோவாக இருக்கிறது என்று அவள் சொல்லித்தான், இரண்டு மாதம் கழித்து எனக்கே தெரிந்தது. எழுதி வாங்கிய காகிதம் எதுவும் இல்லை, எதை வைத்துக் கேட்பது? கொடுக்கும் முன் செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'அபவுட்' போய் அந்தத் திரையை ஒரு படம் எடுத்துவையுங்கள். பில் வாங்குங்கள். கையில் பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் கொடுத்த விலையில்லா லேப்டாப் இன்னும் வைத்திருக்கிறேன். ஆன் ஆகவே ஐந்து நிமிடம். கடையில் 'தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு' என்கிறார்கள்.
வாசகர், அலங்காநல்லூர்

பதில்: தூக்கிப் போடாதே தம்பி. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கின்றன. முக்கால்வாசிக்கு நோய் ஒன்றுதான், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அடி மூடியைக் கழற்றினால் உள்ளங்கை அளவுக்கு 2.5 அங்குல டிஸ்க் இருக்கும். அதே இடத்தில் அதே அளவு சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், உட்காரும். வேண்டியது ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பொறுமை. ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு காகிதத்தில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒட்டிவை. நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கிப் போர்டைத் துளைத்தவர்களை எனக்குத் தெரியும். புது டிஸ்கில் எந்த சிஸ்டம் போடுவது? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசசராவது வேண்டும், உன்னுடையது அதற்கு முந்தையதாகத்தான் இருக்கும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக்கொள். பேட்டரி உப்பி டச்பேட் மேலே எழும்பியிருந்தால் மட்டும் கை வைக்காதே, குத்தாதே, சார்ஜும் போடாதே. அதைக் கடைக்காரர் எடுக்கட்டும்.

கேள்வி: லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்கிறார்கள். உள்ளே என் குடும்பப் படங்கள், பேங்க் விவரம் எல்லாம் இருக்கின்றன. கொடுக்கலாமா?
வாசகி, கே.கே.நகர்

பதில்: எதற்கு என்று கேளுங்கள். ஸ்க்ரீன், கீல், சார்ஜிங் பின் வேலைகளுக்குப் பாஸ்வேர்டு தேவையே இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் படங்கள் இல்லாத தனி அக்கவுன்ட் ஒன்றை உருவாக்கி அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். ஆனால் அது சாதாரண யூசராக இருக்க வேண்டும், அட்மினாக இருந்தால் உங்கள் போல்டருக்குள்ளும் போய்விடலாம். இதைவிட நல்லது, டிஸ்க்கைக் கழற்றித் தரச் சொல்லி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவது. நல்ல கடைக்காரர் சந்தோஷமாகத் தருவார், அவருக்கும் அந்தப் பொறுப்பு குறைகிறது.

இன்னொன்று. புது லேப்டாப்களில் பிட்லாக்கர் என்ற பூட்டு, நீங்கள் போடாமலே போடப்பட்டிருக்கலாம். போர்டை மாற்றினாலோ, சில சமயம் பயாஸ் அப்டேட் செய்தாலோகூட, 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். அந்த எண் இல்லாவிட்டால் கடைக்காரர் மட்டுமல்ல, மைக்ரோசாஃப்டும் திறக்க முடியாது. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும். கொடுக்கும் முன்பே பார்த்து, பால் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைத்தவர் ஒருவரும் என்னிடம் வந்திருக்கிறார்.

கேள்வி: அவசரம்! பையன் லேப்டாப் மேல் ஜிகர்தண்டாவைக் கொட்டிவிட்டான். அரிசி மூட்டைக்குள் வைத்திருக்கிறோம். சரியா?
வாசகர், செல்லூர்

பதில்: அரிசியிலிருந்து உடனே எடுங்கள். தவிட்டுத் தூள்தான் உள்ளே போகும். தண்ணீராவது காயும், பாலும் சர்க்கரையும் காய்ந்தால் பிசினாகப் போர்டில் ஒட்டிக்கொண்டு, நாளாக ஆகச் செம்பை அரிக்கும். இதற்கு மேல் நீங்களே செய்யும் வேலை இரண்டுதான்: சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பிடித்து ஆஃப் செய்வது, திறந்த லேப்டாப்பைக் கூரை மாதிரிக் கவிழ்த்து வைப்பது. 'காஞ்சிருச்சா பாப்போம்' என்று ஆன் செய்யவே செய்யாதீர்கள், போர்டு சாவது பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான். இன்றைக்கே கடைக்கு எடுத்துப் போய், 'திறந்ததும் முதல்ல பேட்டரி கனெக்டரைக் கழட்டுங்க, போர்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல கழுவணும்' என்று நீங்களே சொல்லுங்கள். என்ன கொட்டியது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், தண்ணீர் என்று பொய் சொன்னால் ஹீட்டரில் காட்டிக் காயவைத்துக் கொடுத்துவிடுவார். கீபோர்டு அநேகமாகப் போயிருக்கும், அதைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.