முகாமில் விளையாட்டு: கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் என் பாட்டனார் திருகோணமலைப் பயிற்சி முகாமொன்றில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர். அங்கே விளையாட்டுகளுக்குப் பொறுப்பாயிருந்த கப்டனைப் பற்றி அடிக்கடி சொல்வார். போர் நடக்கும்போது ஓர் அதிகாரி உதைபந்தாட்டம் நடத்திக்கொண்டிருந்ததை எப்படி விளங்கிக்கொள்வது?

வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கைக்கு,

அதுவும் போர்வேலைதான். கிரிமியப் போரில் படையினரின் உடல்நலிவைக் கண்ட பிரித்தானிய இராணுவம், 1860 இல் ஒரு மேஜரின் கீழ் 12 சார்ஜன்ட்களைக் கொண்டு உடற்பயிற்சி ஆசிரியர் குழுவொன்றைத் தொடங்கியது. 1940 இல் அது தனிப் படைப்பிரிவாயிற்று. ஆனால் முகாம்களில் போட்டிகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு, காலை அணிவகுப்பையும் துப்பாக்கிப் பயிற்சியையும் முடித்துவிட்டு வரும் சாதாரண அதிகாரி ஒருவரின் தோளில் மேலதிகச் சுமையாகவே பெரும்பாலும் விழுந்தது.

அவருடைய உண்மையான சிக்கல், நன்றாக ஓடும் பத்துப் பேரைக் கண்டுபிடிப்பதன்று. கைதட்டிக்கொண்டு கரையில் நிற்கும் மற்றவர்களை மைதானத்துக்குள் இறக்குவதுதான். கயிறிழுத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேரில் கடைசியில் நிற்பவர் கயிற்றைக் கக்கத்தின் கீழாக எடுத்து, முதுகின் குறுக்கே கொண்டுபோய், மறுதோளுக்கு மேலாக விட்டுக் குதிகாலை மண்ணில் ஊன்றுவார். ஓட்டத்தில் எப்போதும் பின்தங்கும் பாரமான இளைஞனை அந்த இடத்துக்குத் தேடிப் பிடித்து, அவனில்லாமல் தன் அணி வெல்லாது என்று அவனுக்கே தெரியச் செய்யும் அதிகாரியை நான் பெரிதாக மதிக்கிறேன். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது, பக்கத்தில் நிற்பவனை நம்பி ஓடுவது என்னவென்று இவ்வூரில் இருந்த படையினர் எல்லோரும் அறிந்திருப்பார்கள். அந்த நம்பிக்கையைக் கட்டளையிட்டு உண்டாக்க முடியாது.

உங்கள் பாட்டனாரின் வேலையும் இலேசானதன்று. பள்ளிக் காலத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நானும் கோடு போட்டிருக்கிறேன். இரண்டு முளைகளுக்கிடையே கயிற்றை இறுக்கிக் கட்டி, அதையொட்டிக் குனிந்தபடியே நடக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உலர்ந்த சுண்ணாம்பு காற்றோடு போய்விடும் என்பதால், தண்ணீரில் கரைத்து ஊற்றுவோம். இருந்தும் ஓட்டம் தொடங்குமுன் ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

பாட்டனார் எந்த மைதானத்தைச் சொன்னார், அந்தக் கப்டன் தாமும் கயிறு பிடித்தாரா என்பது நினைவிருந்தால் எழுதுங்கள்.