முதலில் வாய்க்கால், அப்புறம் கடைக்கால்

கேள்வி: ஐந்து சென்ட் சைட்டில் வீடு கட்டுகிறோம். கரிசல் மண். கடைக்காலுக்குக் குழி தோண்டிய மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. மேற்கே இருக்கும் தோட்டத்துத் தண்ணீர் எல்லாம் இட்டேரி வழியாக வந்து குழிக்குள் இறங்கிவிட்டது. மோட்டார் வைத்து இறைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். மேஸ்திரியோ, "தண்ணி வத்துனதும் நாலு கூடை மண்ணைப் போட்டுக் கெட்டிச்சுட்டு கான்கிரீட் போட்டுக்கலாமுங்க" என்கிறார். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், யாரைக் கேட்பதென்று தெரியவில்லை. போடலாமா ஐயா?
- ஒரு வாசகி, பல்லடம்

பதில்: போட வேண்டாம் அம்மிணி. மேஸ்திரியிடம் கோபப்படாமல், ஒரு கடப்பாரையை எடுத்துக் குழியின் அடியில் ஊன்றச் சொல்லுங்கள். ஊறிய கரிசல் என்றால் அழுத்தாமலே இறங்கும். அதன்மேல் மண்ணைப் போட்டு எத்தனை இடி இடித்தாலும் அடியில் இருப்பது களிதான். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இன்றைக்கு அந்தச் சேற்றை மூடிவிட்டால் ஒரு கோடை கழிந்ததும் சன்னல் மூலையில் விரிசல் எட்டிப் பார்க்கும்.

சேறு முழுவதையும் வழித்து எடுக்கச் சொல்லுங்கள். கடப்பாரை 'ணங்' என்று நிற்கும் வரைக்கும். அரை அடி கூடுதலாக ஆழம் போனால் போகட்டும், அந்த அரை அடியை பி.சி.சி. என்கிற, கம்பி கட்டாத வெறும் கான்கிரீட்டாலேயே நிரப்ப வேண்டும், மண்ணால் கூடாது. அதற்கு முன்னால் இன்ஜினியர் ஒருமுறை குழியில் வந்து பார்க்கட்டும். குழி ஓரத்தில் குவித்த மண்ணை மூன்று நாலு அடி தள்ளிப் போடுங்கள். ஈரக் கரை அந்தப் பாரத்தைத் தாங்காது, உள்ளே ஆள் நிற்கும்போது சரிந்தால் வம்பு. இன்னும் தோண்டாத குழி பாக்கி இருந்தால், கடைசி அரை அடியைத் தொடாமல் விட்டு, பி.சி.சி. போடுகிற அன்றைக்குக் காலையில் வெட்டுங்கள்.

இனி தண்ணீருக்கு வருவோம். மோட்டாரை நம்பிப் பிரயோசனம் இல்லை, கணக்குப் போட்டாலே தெரியும். 5 செ.மீ. மழை பெய்தால் உங்கள் ஐந்து சென்டில் நேராக விழுவது சுமார் 10,000 லிட்டர். அதே மழை மேலே ஒரு ஏக்கர் தோட்டத்தில் விழுந்தால் 2 லட்சம் லிட்டர். அதில் பாதியை மண் குடித்துவிட்டாலும் மிச்சம் ஒரு லட்சம் உங்கள் பக்கம் வரும். அதை வாசலிலேயே திருப்பிவிட வேண்டுமே தவிர, குழிக்குள் விட்டுவிட்டு டீசல் செலவு பண்ணக் கூடாது. நம் பக்கத்தில் பெரும்பாலும் மேற்கே மேடு, கிழக்கே சரிவு. நொய்யலே அப்படித்தானே ஓடிக் காவிரியைச் சேர்கிறது! ஆகவே மேற்கு எல்லையில் ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணைக் குழிப் பக்கம் வரப்பாக அணைத்துவிடுங்கள். அதை இரண்டு ஓரமாகவும் வளைத்து, சைட்டின் தாழ்ந்த மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். தாழ்ந்த மூலை எதுவென்று கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள், மேஸ்திரியிடம் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற லெவல் டியூப் இருக்கும். அரை நாள் வேலை. குழி தோண்ட ஜேசிபி வருகிற அன்றைக்கே செய்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

அந்த மூலையில் நாலுக்கு மூன்று அடியில், மூன்று அடி ஆழமாக ஒரு பள்ளம் எடுங்கள். தண்ணீர் அதில் தங்கி, மண் அடியில் படிந்து, பிறகு வெளியே போகட்டும். வெளியேறும் வாயில் ஒன்றரை இஞ்ச் ஜல்லி போடுங்கள். கரிசல் தண்ணீர் லேசில் தெளியாது, நிறம் போகாது. ஆனால் பக்கத்து வாசலில் சேறு படியாது. அவருக்குக் கோபம் தண்ணீர் மேல் அல்ல, ஹோஸை அவர் பக்கம் நீட்டியதன் மேல்தான் என்று நினைக்கிறேன். அடுத்த மழைக்கு முன்னால் அவரையும் கூப்பிட்டு, தண்ணீர் இந்த வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகிறது என்று காட்டிவிடுங்கள். ஒரு டம்ளர் காபி கொடுத்துச் சொன்னால் இன்னும் நல்லது.

கூடவே ஒன்று. தோட்டத்தைச் சைட்டாகப் போடும்போது பழைய ஓடைப்பள்ளம் மூடிப் போயிருக்கலாம். எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடம் எடுத்து, ஊர்ப் பெரியவர் ஒருவரிடமும் கேளுங்கள். பழைய பள்ளம் உங்கள் சைட் ஓரமாகப் போயிருந்தால், வீட்டின் தரை மட்டத்தை இப்போதே உயர்த்திக்கொள்வது மலிவு.

கேள்வி: மழையில் நனைந்த எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணலை) வழக்கமான அளவிலேயே கலக்கலாமா?
- ஒரு வாசகர், கோபி

பதில்: ஈர மணல் உப்பி நிற்கும், பெட்டி நிறைந்தது போலக் காட்டும். நேரான கண்ணாடி பாட்டிலில் ஈர மணலை அமுக்காமல் 12 செ.மீ. உயரம் போடுங்கள். அதை எடுத்துவிட்டு, பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, மணலை மறுபடி போட்டுக் கலக்கித் தெளிய விடுங்கள். 10 செ.மீ.க்கு இறங்கினால், ஐந்து பெட்டி போடும் இடத்தில் ஆறு பெட்டி போட வேண்டும். கலவைக்கு ஊற்றும் தண்ணீரையும் குறைக்க வேண்டும். இந்தத் தண்ணீர் விஷயத்தைத்தான் சைட்டில் எல்லாரும் மறக்கிறார்கள்.

கேள்வி: மழைநீர்த் தொட்டியை இப்போதே கட்டிவிடலாமா, வீடு முடிந்த பிறகா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் எப்படியும் கட்டித்தான் ஆக வேண்டும். குழியை இப்போதே எடுக்கலாம். ஆனால் ஜல்லியும் மணலும் நிரப்புவது பெயிண்ட் வேலை முடிந்த பிறகுதான். இல்லையென்றால் சிமெண்ட் பால் இறங்கி வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அப்புறம் முழுவதையும் அள்ளிப் போட வேண்டும். கரிசலாக இருந்தால் கடைக்காலை விட்டு நன்றாகத் தள்ளி எடுங்கள், அல்லது மாடித் தண்ணீரை நேராகத் தரைத்தொட்டிக்கே விட்டுவிடுங்கள். கட்டட வேலைக்காக முன்கூட்டியே போர் போட்டிருந்தால் அதன் கேசிங் பைப் தரைக்கு மேலே ஒன்றரை அடியாவது நிற்கட்டும், மூடியை வெல்டிங் பட்டறையில் இன்றைக்கே செய்து போடுங்கள். ஒரு மழையின் சேற்றுத் தண்ணீர் உள்ளே போனாலே போரைக் கழுவ வண்டி கூப்பிட வேண்டிவரும். சைட்டில் குழந்தைகள் ஓடியாடும் என்பதையும் மறக்க வேண்டாம்.