தேயிலைக் கொழுந்தில் வெள்ளைக் கொப்புளம்: பக்கத்துத் தக்காளிக்கும் பரவுமா?

பரவாது. மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள ரிங்லெட்டில் வீட்டை ஒட்டிய தேயிலைச் செடிகளின் இலைக்கு அடியில் வெள்ளையாகப் புடைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது கொப்புள நோய். எக்ஸோபசிடியம் வெக்சன்ஸ் என்ற இந்தப் பூஞ்சை உயிருள்ள தேயிலைத் திசுவில் மட்டுமே வாழும். தக்காளியையும் முட்டைக்கோஸையும் தொடாது. காரணம் பூஞ்சைதான் என்பதால் உரத்தைக் குறை சொல்லவும் வேண்டாம்.

1868இல் அசாமில் கண்டறியப்பட்ட நோய் இது. 1946இல் தென்னிந்தியாவையும் இலங்கையையும் எட்டியது. பூஞ்சையின் நுண்ணிய வித்துகள் காற்றில் வந்து ஈரமான தளிரில் முளைக்கின்றன. முதலில் ஊசிமுனை அளவில், ஒளி ஊடுருவும் புள்ளி. பிறகு இலையின் மேற்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் புடைத்து, வெள்ளை மாவு படிகிறது. அந்த மாவுதான் அடுத்த தலைமுறை வித்து. இந்தச் சுழற்சி பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களுக்குள் முடிந்துவிடும். அதனால்தான் கேமரன் மலையின் அக்டோபர், நவம்பர் மழையில் நோய் இத்தனை வேகமாகப் பெருகுகிறது.

முற்றிய இலைக்கு ஆபத்தில்லை. கொழுந்துதான் பலியாகிறது, விளைச்சலே அதுதானே! கவாத்து வெட்டிய பின் துளிர்க்கும் செடிகளைத்தான் நான் மிகவும் அஞ்சிக் காப்பேன். தண்டில் நோய் ஏறினால் துளிரே கருகிவிடும்.

நேரடி வெயில் வித்துகளைக் கொல்லும். ஆகவே முதலில் நிழல் மரக் கிளைகளைக் கழியுங்கள். கொழுந்தை அடிக்கடி பறியுங்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு வருமுன் காக்கும் மருந்து; வந்த கொப்புளத்தை ஆற்றாது. அடைமழைக்கு முன்பே தெளியுங்கள். மருந்தின் உறையில் குறித்த இடைவெளி கழியும்வரை கொழுந்தைப் பறிக்கவே கூடாது.