தேதியை எழுதி வையுங்கள்: பணியிடப் பாலியல் தொல்லை, கேள்வி பதில்

கடலூரில் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். இரண்டு மூன்று நிறுவனங்களின் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராகவும் இருக்கிறேன். வேலை பார்க்கும் இடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை, அதற்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பண்ருட்டி: அக்கா, முந்திரிக்கொட்டை உடைக்கும் இடத்தில் ஏழு பேர் வேலை பார்க்கிறோம். பருப்பை எடை போடும்போது மேஸ்திரி கையைப் பிடிக்கிறார். உதறினால் அன்றைக்கு எடையைக் குறைத்து எழுதுகிறார். எங்களுக்கெல்லாம் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது, தங்கச்சி. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் புகாரை விசாரிக்க நிர்வாகமே உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அதற்குக் குறைவு என்றால் மாவட்டத்துக்கு ஒன்றாக உள்ளூர்க் குழு உண்டு. முதலாளிமேலேயே புகார் என்றாலும் அங்கேதான். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அதுதான். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். எழுத வராது என்றால் புகாரை எழுத்தில் கொண்டுவரக் குழுதான் உதவ வேண்டும்.

கையைப் பிடித்ததற்குச் சாட்சி ஏது என்று பயப்படுவீர்கள். எடை நோட்டு இருக்கிறதே! இப்படி ஒரு விசாரணையில் (எங்கே, யார் என்று சொல்லமாட்டேன், சட்டமே தடுக்கிறது) கொட்டை எண்ணெய்க் கறை படிந்த கூலி நோட்டு ஒன்று மேசைக்கு வந்தது. ஆறு கிலோ, ஆறரை கிலோ என்று போய்க்கொண்டிருந்த கணக்கு, அந்தப் பெண் சத்தம் போட்ட மறுநாளிலிருந்து நாலரை. பக்கத்தைப் புரட்டிய எல்லாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இணங்காததற்காக வேலையில் கை வைப்பதும் இந்தச் சட்டத்தின்படி தொல்லையில்தான் சேரும். நோட்டைப் படம் எடுத்து வையுங்கள், தேதி தெரியும்படி.

அப்புறம், சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். தொடர்ந்து நடந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு.

சிப்காட்: கம்பெனி வேனில் நடந்தது. கேட்டுக்கு வெளியே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறது ஹெச்.ஆர்.

வேலைக்குப் போய்வர நிர்வாகம் கொடுத்த வண்டியும் பணியிடம்தான். ஹெச்.ஆரைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். தேதியை எழுதி வைத்தீர்களா?

முள்ளோடை: வீடு புதுச்சேரியில், வேலை கடலூரில். எந்தக் குழு?

வேலை எங்கேயோ, அங்கே.

நெல்லிக்குப்பம்: மேடம், நான் சூப்பர்வைசர். பிடிக்காத அதிகாரிமேல் பொய்ப் புகார் கொடுத்து ஆளைக் காலி செய்கிறார்கள். அதைக் கேட்பார் இல்லையா?

உண்டு. பொய் என்று தெரிந்தே கெட்ட எண்ணத்தோடு புகார் கொடுத்தது விசாரணையில் தெரிந்தால், கொடுத்தவர்மேலும் நடவடிக்கை எடுக்கலாம், 14-ஆம் பிரிவு. ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் பொய்யாகிவிடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. புகாரின் பிரதி உங்கள் கைக்கு வரும், பதில் எழுத 10 வேலை நாள் கிடைக்கும். குழு முன்னால் வக்கீல் வைக்க இரு தரப்புக்கும் அனுமதி இல்லை.

நெல்லிக்குப்பம், மறுபடியும்: பட்டணத்தில் ஏசி ரூமில் இருக்கும் பெண்கள் கொண்டுவந்த சட்டம்தானே இது?

இதற்கு என்னை முந்திக்கொண்டு மூன்று பேர் அவரிடம் சண்டைக்குப் போய்விட்டார்கள். துணிக்கடையில் வேலை செய்யும் ஒருவர், "ஏசி இருக்கிறது அண்ணே, உட்காரத்தான் விடுவதில்லை" என்றார். (விற்பனையாளர்களுக்கு உட்கார வசதி தரச் சொல்லித் தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அது வேறு பஞ்சாயத்து.)

சரி, பதில். ராஜஸ்தானில் ஒரு கிராமம். பன்வாரி தேவி அரசுத் திட்டத்தில் வேலை செய்த ஏழைப் பெண். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனது அவருடைய வேலை. அதற்காக 1992-இல் அவரைக் கூட்டு வன்கொடுமை செய்தார்கள். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில்தான் 1997-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. அது சட்டமாக இன்னும் 16 வருடம் ஆனது. இதில் ஏசி ரூம் எங்கே வந்தது, தம்பி?

நெல்லிக்குப்பம், மூன்றாவது முறை: சும்மா தமாஷுக்குப் பேசினாலும் குற்றமா? மனதில் தப்பான எண்ணம் இல்லாவிட்டால்?

பேசினவர் எண்ணத்தைவிட, கேட்டவருக்கு அது எப்படிப் பட்டது என்பதே முக்கியம் என்று 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களோடு இத்துடன் போதும், வரிசையில் மற்றவர்கள் நிற்கிறார்கள்.

விருத்தாசலம்: எங்கே புகார் கொடுப்பது?

முதல் பதில்.

சிதம்பரம்: எங்கள் கடையில் ஐந்து பேர்தான். யாரிடம் போவது?

முதல் பதில், அம்மா. மேலே இருப்பதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

குறிஞ்சிப்பாடி: மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

தொழிலாளர் துறை அலுவலகம்.

கடலூர் முதுநகர்: பணம் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போ என்கிறார் மேனேஜர்.

புகார் கொடுத்த பெண் தானே கேட்டால்தான் சமரசப் பேச்சு, அதிலும் பணம் பேசக் கூடாது. அவர் சொன்ன தேதி, நேரம், வார்த்தை மூன்றையும் எழுதி வையுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: மேடம், நடந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்வார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர் அனுப்பிய வாட்ஸ்அப் மட்டும் இருக்கிறது. எல்லாம் போச்சா?

போகவில்லை. வர முடியாத சூழ்நிலை இருந்தது என்று குழுவுக்குப் பட்டால், காரணத்தை எழுத்தில் பதிந்து இன்னும் 3 மாதம்வரை அனுமதிக்கலாம். ஆக உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒரு மாதம்கூடச் சரியாக இல்லை. அம்மாவைப் பற்றி எனக்கு எழுதியதை அப்படியே காரணமாக எழுதுங்கள், அலங்காரம் வேண்டாம். வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள், படம் எடுத்தால் எண்ணும் தேதியும் தெரியட்டும். போலீஸ் வழி தனி. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 75-ஆம் பிரிவில் புகார் கொடுக்க இந்த 3 மாதக் கெடு கிடையாது. அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

புகாரையும் இணைப்புகளையும் சாட்சிகளின் பெயர், முகவரியையும் ஆறு பிரதி கேட்பார்கள். ஜெராக்ஸ் கடை மூடுவதற்குள் கிளம்புங்கள். உங்களுக்கென்று ஏழாவதாக ஒன்று எடுத்து, அதில் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.