அன்றைக்கு நான் உள்ளே போயிருக்க வேண்டுமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 23. சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். ஆறு மாதமாகத் தன்னார்வ தீயணைப்புக் குழுவில் இருக்கிறேன். போன மாதம், நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்தில் மறதி நோய் உள்ள ஒரு தாத்தா காணாமல் போனார். பழைய ரப்பர் பால் கொட்டகை இருந்த பக்கம்தான் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அதிகாரியோ என்னை மேசையில் உட்காரவைத்து, உள்ளே போகிறவர், வருகிறவர் பெயரை எழுதச் சொல்லிவிட்டார். இரவு தனியாகக் கிளம்பினேன். திட்டித் திருப்பி அனுப்பினார். மறுநாள் காலை அதே பக்கம், ஒரு பள்ளத்தில் தாத்தா உயிரோடு கிடைத்தார். இரவு முழுக்க மழை அக்கா. பெயர் எழுதவா நான் சேர்ந்தேன்? விலகிவிடலாமா?

பதில்: தம்பி, அதிகாரி உன்னைத் தடுத்தது சரி. உனக்குத் தோன்றிய இடமும் சரி. நடுவில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ‘தோன்றியது’ என்று எழுதியிருக்கிறாய். ‘சொன்னேன்’ என்று எங்கேயும் இல்லை.

என் அப்பா பால் வெட்டியவர். வேலையை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும் விடியற்காலை எழுந்து, இருட்டிலேயே சுவரில் கையை வைத்துத் தடவுவார். தலை விளக்கு மாட்டியிருந்த ஆணியைத் தேடுகிற கை அது. அந்த வீடும் இல்லை, அந்த ஆணியும் இல்லை. கடைசிக் காலத்தில் இரண்டு முறை வாசலைத் தாண்டிப் போய்விட்டார். இரண்டு முறையும் அவர் கால் போனது பழைய வேலைக்காட்டுப் பக்கம்தான். மறதி நோய் வந்தவர்கள் பலர் இப்படிப் பழைய வீட்டையும் பழைய வேலையையும் தேடித்தான் நடக்கிறார்கள். பால்மரத்தை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டுவிட்டார்கள் என்பது அந்தத் தாத்தாவுக்குத் தெரியாது. அவர் மனதில் அவருடைய நிரை, அவர் பால் வெட்டிய மர வரிசை, இன்னும் அங்கேதான் இருக்கிறது. இது உனக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வந்த குழுவுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் இரவில் தனியாகப் போவது வேறு விஷயம். செம்பனைக் காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெட்டிப்போட்ட மட்டை அடுக்குக்குப் பக்கத்தில் ஆள் படுத்திருந்தால் இரண்டடி தள்ளிப் போகிறவருக்குக்கூடத் தெரியாது. கூப்பிட்டாலும் மறதி நோய் உள்ளவர் பல நேரம் பதில் கொடுக்க மாட்டார். மழையில் நீயும் ஒரு பள்ளத்தில் விழுந்திருந்தால், தாத்தாவைத் தேடுகிற ஆட்களில் பாதிப்பேர் உன்னைத் தேடப் போயிருப்பார்கள்.

அப்புறம் அந்த நோட்டு. தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். தேடலில் நீ எழுதியதும் ஒரு பெரட்டுதான். யார் எந்தப் பக்கம் போனார், எத்தனை மணிக்கு, திரும்பினாரா? இது இல்லாவிட்டால் தேடி முடித்த இடம் எது, விட்டுப்போன இடம் எது என்று ஒருவருக்கும் தெரியாது. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங்காலியில் நடந்த நிலச்சரிவை நினைத்துப் பார். முகாம் தளத்தில் சிக்கியவர்கள் 92 பேர். 61 பேர் பிழைத்தார்கள். மற்ற 31 பேரில் கடைசியானவரின் உடல் 24ஆம் தேதிதான் கிடைத்தது. இன்னும் ஒருவர் மண்ணுக்குள் இருக்கிறார் என்று அத்தனை நாள் தோண்டியவர்களுக்குச் சொன்னது பெயர்க் கணக்கு. அந்தக் கணக்கு பிசகியிருந்தால் ஒரு குடும்பம் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசி.

அடுத்த முறை, போய் இறங்கிய உடனே அதிகாரியிடம் பேசு. சத்தமாக, மலாயில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. எந்த இடம், ஏன் அங்கே, எந்தப் பாதையில் போகலாம் என்று சொல். வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டு. நம் பெரியவர்கள் சொல்கிற பெயர் ஒன்று, நிர்வாகம் போட்டிருக்கிற பிளாக் எண் வேறொன்று; இரண்டையும் சொல். தாத்தாவை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு, அதையும் சொல். ‘பயிற்சி எடுத்தவர்களோடு வழிகாட்டியாக என்னை அனுப்புங்கள்’ என்று கேள். கேட்டும் அனுப்பாவிட்டால் மேசையில் இரு. தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது இல்லையா? அது முக்கியம்.

நீ வாய் திறந்திருந்தால் தாத்தாவுக்கு அந்த ஒரு இரவு மழை மிச்சமாகியிருக்கலாம். இல்லை என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆறு மாதப் பையன், சீருடைக்கு முன்னால் பேசத் தயங்கியிருக்கிறாய். எனக்குப் புரிகிறது. இதை உன் குழுத் தலைவரிடமும் சொல். அவருக்கும் இப்படி ஓர் இரவு இருந்திருக்கும். விலகாதே தம்பி. அந்தத் தோட்டத்தை இவ்வளவு அறிந்த வேறு ஆள் அந்தக் குழுவில் இருக்கிறாரா?

ஞாயிற்றுக்கிழமை தாத்தாவைப் போய்ப் பார். போகும்போது ஒரு பெரிய தாளும் பென்சிலும் எடுத்துக்கொள். லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) எங்கே இருந்தது, கோயில், கிணறு, பால் கொட்டகை, யாருடைய நிரை எது என்று அவரையும் பாட்டியையும் கேட்டு வரைந்துகொள். பிரதி எடுத்து ஒன்றை நிலையத்தில் கொடுத்துவிடு.