டர்க்கி டவல் ஊரிலிருந்து துருக்கி மொழிக்கு

போன வாரம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் கரூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே அம்மாவின் அண்ணன். என் அறையில் மூன்று நாற்காலிதான். பெரியவர்கள் மூவரும் உட்கார்ந்துவிட்டார்கள். யாரைப் பற்றிப் பேச வந்தார்களோ அவள் நின்றாள். உள்ளே போய் ஒரு ஸ்டூல் எடுத்துவந்து போட்டேன்.

"பாப்பா துருக்கி போகணும்ங்கறா சார். அதுவும் அந்த பாஷையைப் படிக்க. ஒரு மாசமா வீட்ல யாரும் சரியாத் தூங்கலைங்க" என்றார் அம்மா. மாமா முந்திக்கொண்டார்: "சீரியல் பார்த்து வந்த கோளாறு சார். கோயமுத்தூர்ல ஏஐ - டேட்டா சயின்ஸ் சீட் பேசி வெச்சிருக்கேன், மேனேஜ்மென்ட் கோட்டா. பாதிப் பணம் நானே தர்றேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேட்டுக்குவா."

வருகிற பெற்றோரை முதல் பத்து நிமிடம் தேற்றுவது என் வழக்கம். அன்றும் தொடங்கினேன். மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். தமிழ் 97, ஆங்கிலம் 94, கணினி அறிவியல் 88, கணக்கு 61. புள்ளியியலும் இயற்கணிதமும் அடித்தளமாக உள்ள ஒரு படிப்பில், லட்சக்கணக்கில் கொட்டி இவளை உட்கார வைக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். "படிச்சா வந்துரும்" என்றார் மாமா. வரலாம். ஆனால் அதற்கு ஆசை அவளுக்கு இருக்க வேண்டும். மாமாவுக்கு இருந்தால் போதாது. மீதிப் பாதிப் பணம் எங்கிருந்து வரும் என்றேன். வீட்டுப் பத்திரத்தின் மேல் கடன் என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. உறவுக்காரர் தரும் பணத்துக்கு வட்டி கிடையாது என்று நினைக்கிறோம். ஒவ்வொரு காதுகுத்திலும் கல்யாணத்திலும் "நான்தான் படிக்க வெச்சேன்" என்று அது வசூலாகிக்கொண்டே இருக்கும். அந்த சீட்டை விட்டுவிடுங்கள் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

இன்ஜினியரிங், சி.ஏ., நர்சிங், கனடா இவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. தெருவுக்குத் தெரு விவரம் கிடைக்கிறது. இந்தப் பெண் கேட்ட பாதைக்குத்தான் சொல்ல ஆள் இல்லை.

"துருக்கியில் உனக்கு என்ன தெரியும்?" என்று அவளிடம் கேட்டேன். துருக்கித் தொடர்களைத் திரையில் ஓடும் ஆங்கில வசன எழுத்தோடு பார்த்து ஆரம்பித்தாளாம். பிறகு துருக்கி அரசின் மொழி, பண்பாட்டு அமைப்பான யூனுஸ் எம்ரே நிறுவனத்தின் இலவச இணையப் பாடங்களில் சேர்ந்திருக்கிறாள். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "கெல்தின்னா வந்தான் சார். கெல்மிஷ்ன்னா வந்தானாம்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண்ணால் பார்த்ததற்கு ஒரு விகுதி, பிறர் சொல்லக் கேட்டதற்கு வேறொரு விகுதி. ஆங்கிலம் வழியாகத் துருக்கி கற்பவர்கள் மாதக்கணக்கில் திணறும் இடம் இது. நாம் 'ஆம்' என்று ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். இன்னும் உண்டு. எவ் என்றால் வீடு. எவ்லெர் வீடுகள். எவ்லெரிமிஸ் எங்கள் வீடுகள். எவ்லெரிமிஸ்தென் எங்கள் வீடுகளிலிருந்து. நம்மைப் போலவே ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக் கட்டும் மொழி. வினை கடைசியில் வரும். வந்தானா என்று கேட்க, கெல்தியோடு மி என்பதைச் சேர்த்தால் போதும். புதிதாகப் பழக வேண்டியது உயிரொலி இசைவு, அதாவது சொல்லின் உயிரொலிக்கேற்ப விகுதியின் உயிரொலியும் மாறுவது: எவ் என்பதற்கு எவ்லெர், ஆனால் வண்டி என்னும் அரபாவுக்கு அரபாலார். காது பழகினால் வந்துவிடும். அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல் என்பதால் அங்கே நமக்குச் சுமை குறைகிறது. 1928-ல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியவர்கள். 29 எழுத்து, எழுதியபடியே படிக்கலாம். (தமிழும் துருக்கியும் ஒரே குடும்பம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். குடும்பம் வேறு, கட்டுமான முறைதான் நெருக்கம்.)

உறவுப் பெயர்களையும் பாருங்கள். அம்மாவின் சகோதரி தெய்ஸெ, அப்பாவின் சகோதரி ஹாலா, அப்பாவின் சகோதரர் அம்ஜா, தாய்மாமன் தாயி. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அம்மாள் தெய்ஸெ, கடைக்காரர் அபி, அதாவது அண்ணன். எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டி என்று ஒரே மூட்டையில் கட்டும் மொழி அல்ல. மாமா லேசாகச் சிரித்தார்.

சரி, மொழியோடு பண்பாடும் கற்பது என்கிறார்களே, அது என்ன படிப்பு? அது பட்டப்படிப்பு இல்லை. பட்டத்துக்கு முந்தைய ஒரு வருட ஆயத்தப் படிப்பு. துருக்கி மொழியில் பட்டம் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர், முதலில் பல்கலைக்கழகத்தின் மொழி மையத்தில் ஏ1 என்னும் தொடக்க நிலையிலிருந்து ஏ2, பி1, பி2 தாண்டி, சரளமாகக் கையாளும் சி1 வரை ஏற வேண்டும். இந்த மையங்களை டோமெர் என்பார்கள்; அங்காரா பல்கலைக்கழகத்தில் 1984-ல் தொடங்கிய டோமெர் பெயர் பெற்றது. வாரம் ஐந்து நாள், நாளுக்கு நாலைந்து மணி நேரம் வகுப்பு. ஒரே அறையில் சோமாலியா, இந்தோனேசியா, கசகஸ்தான், போஸ்னியா பிள்ளைகள். பொதுமொழி வேறு இல்லாததால் இரண்டாம் மாதத்திலேயே சண்டையும் சமாதானமும் துருக்கியில்தான் நடக்கும்.

ஆனால் வகுப்பு பாதிதான். மீதி, டோல்முஷ் என்னும் வேனில் கற்பது. நம்மூர் ஷேர் ஆட்டோ போல ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். பெயரின் பொருளே 'நிரம்பியது'. இறங்கும் இடத்தை ஓட்டுநரிடம் கத்திச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களை ரெண்டு நிறுத்தம் தாண்டித்தான் இறக்கிவிடும். வேலை செய்கிறவரைக் கடந்துபோகும்போது 'கொலாய் கெல்சின்' என்று சொல்வது, வேலை சுலபமாக முடியட்டும் என்ற வாழ்த்து. சமைத்தவரிடம் 'எலினெ சாலிக்', உன் கைக்கு நலம். இதை எப்போது, யாரிடம் சொல்வது என்று புத்தகம் சொல்லித் தராது. விடுதி அறைத்தோழியின் ஊருக்குப் பண்டிகைக்குப் போய், பெரியவர்களின் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ளும்போது தெரியவரும். ஊர் தேர்வு நம் கையில் இருந்தால் இஸ்தான்புல்லைவிட எஸ்கிஷெஹிரோ கொன்யாவோ நல்லது என்பேன். சுற்றுலாக்காரர் நிறைந்த ஊரில் கடைக்காரர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார், மொழி நிற்காது. இஸ்தான்புல்லின் போஸ்ஃபரஸ் நீரிணை ஓரம் போட்டோ எடுக்க ஒரு வார இறுதி போதும்.

இதில் சின்ன வடிவமும் உண்டு. யூனுஸ் எம்ரே நிறுவனம், ஓரளவு துருக்கி கற்ற வெளிநாட்டு மாணவர்களைக் கோடையில் அழைத்து மொழிப்பள்ளி நடத்துகிறது. காலையில் வகுப்பு, பிற்பகலில் ஊர் பார்ப்பது, நீர்மேல் வண்ணம் மிதக்கவிட்டுத் தாளில் ஒற்றும் எப்ரு போன்ற கலைகள். பெண்ணை நாலைந்து வருடம் அனுப்புவதற்கு முன் இப்படிச் சில வாரம் அனுப்பிப் பார்க்கலாம். அங்கேயே வீட்டு நினைப்பு வந்து அழுதால், கடன் இல்லாமல் திரும்பி வரலாம்.

இனிப் பணம். இந்த இடத்தில் நான் கறார்.

துருக்கி அரசின் உதவித்தொகைத் திட்டத்துக்குத் துர்க்கியே புர்ஸ்லாரி என்று பெயர். கல்விக் கட்டணம், அரசு விடுதி, மருத்துவக் காப்பீடு, மாதக் கைச்செலவு, போய்வர விமானச் சீட்டு, முதல் ஆண்டு மொழிப் படிப்பு எல்லாம் அதில் அடக்கம். இளநிலைக்கு 21 வயதுக்குள் இருக்க வேண்டும், பொதுவான படிப்புகளுக்கு 70 சதவீத மதிப்பெண். இவள் 600-க்கு 486. விண்ணப்பக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. இதைச் சொன்னதும் அப்பா மாமாவைப் பார்த்தார். ஒரு ஏஜென்ட் இதே விண்ணப்பத்தைப் போட்டுத்தர ஒன்றரை லட்சம் கேட்டு, இருபதாயிரம் முன்பணமும் வாங்கியிருக்கிறார். கிடைக்காவிட்டால் தனியார் பல்கலையில் 'பாதிக் கட்டணச் சலுகை' வாங்கித் தருகிறாராம். துருக்கியில் தனியார் பல்கலை என்பது வக்ஃபு பல்கலை, அதாவது அறக்கட்டளை நடத்துவது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் பெரும்பாலும் டாலரில். பாதி போக மீதியும் டாலர்தான். அந்த இருபதாயிரத்தைத் திரும்பக் கேளுங்கள். வராவிட்டாலும் அதோடு போகட்டும். அடுத்த தவணை கட்டாதீர்கள்.

உதவித்தொகை கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் சொந்தக் காசில் இளநிலைக்குப் போக வேண்டாம். 2022 அக்டோபரில் அங்கே ஆண்டுப் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தொட்டது. அந்த நாட்டில் நாலைந்து வருடச் செலவை இன்றைக்குக் கணக்குப் போட்டுச் சொல்கிறவரை நம்ப முடியாது. பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்பதும் வேண்டாம். அனுமதி இல்லாமல் வெளிநாட்டு மாணவர் வேலை செய்ய முடியாது, இளநிலையில் முதலாண்டு முடியும்முன் அந்த அனுமதியே இல்லை. உதவித்தொகைக்கோ ஆண்டுதோறும் லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் வருகிறது, இடம் சில ஆயிரம். கிடைத்தபின் ஒரு வருடத்துக்குள் சி1 எட்டாவிட்டால் அது கைநழுவவும் கூடும். பெண்ணுக்கும் இதை ஒளிக்காமல் சொன்னேன். முகம் வாடியது, வாடட்டும்.

"படிச்சுட்டு வந்து என்ன வேலைங்க?" இது அப்பாவின் கேள்வி. அவர் ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். டெனிஸ்லி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்றேன். "கேள்விப்படாம? எங்க ஆர்டரையெல்லாம் தூக்கிட்டுப் போறவனுங்க ஊராச்சே" என்றார். டவல், குளியல் அங்கி, படுக்கை விரிப்பு என்று துருக்கியின் கரூர் அது. நாம் டர்க்கி டவல் என்று சொல்லிச் சொல்லி விற்கிற சரக்கின் ஊர். 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியம் இருப்பதால் அவர்கள் துணி வரியில்லாமல் ஐரோப்பாவுக்குள் போகிறது. லாரியில் சில நாளில் போய்ச் சேரவும் செய்கிறது. அதே ஊரில் உள்ள பமுக்காலே பல்கலைக்கழகத்தில் ஜவுளிப் பொறியியல் துறையே இருக்கிறது. பமுக்காலே என்றால் பருத்திக் கோட்டை. போட்டிக்காரரின் மொழியும், அவர் பேரம் பேசும் விதமும் தெரிந்த ஆள் உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை.

இதில் ஒரு திருத்தம் உண்டு. மொழி மட்டும் சோறு போடாது. துருக்கி இலக்கியம் படிக்க ஆசை என்றாள் மகள்; படிக்கலாம், ஆனால் பன்னாட்டு வணிகத்தையோ ஜவுளி வணிகத்தையோ முதன்மைப் பாடமாக வைத்து, மொழியை அதன் மேல் ஏற்று என்றேன். யோசிக்கிறேன் என்றாள். நல்ல பதில்.

அம்மாவின் பயங்களையும் தட்டிக்கழிக்க முடியாது. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் துருக்கியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பருவத்தில் பல்கலைக்கழகங்கள் இணைய வகுப்புக்குப் போயின. 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றதால், ஜேஎன்யு, ஜாமியா மில்லியா போன்றவை துருக்கிப் பல்கலைகளோடு இருந்த ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தன. அவை நிறுவனங்களுக்கு இடையிலானவை, தனி மாணவர் விண்ணப்பத்தோடு சம்பந்தமில்லாதவை. ஆனாலும் காற்று எப்போது எப்படித் திரும்பும் என்று எவரும் உறுதி தர முடியாது. நான் கடன் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அரசு விடுதிகளில் ஆண், பெண் தனித்தனி. சாப்பாட்டுக்கு மெர்ஜிமெக் சோர்பாசி என்னும் பருப்பு சூப், ஆலிவ் எண்ணெயில் செய்த காய்கள், எள் தூவிய சிமித் உண்டு. கறி வேண்டாம் என்றால் 'எத்சிஸ்' என்று கேட்கத் தெரிந்தால் போதும். ரசம் கிடைக்காது.

இந்த ஆண்டு விண்ணப்பக் காலம் முடிந்துவிட்டது. சமீப ஆண்டுகளில் ஜனவரி 10-லிருந்து பிப்ரவரி 20 வரைதான். அது நல்லதுதான். சும்மா உட்கார வேண்டாம். கரூரிலேயே அரசுக் கல்லூரியில் பி.காம். சேரட்டும். டிசம்பருக்குள் வீட்டிலிருந்தே ஏ2 நிலையை எட்டட்டும். எட்டினால் ஜனவரியில் அவளே உட்கார்ந்து விண்ணப்பிக்கட்டும், ஏஜென்ட் வேண்டாம். எட்டாவிட்டால் அது சீரியல் மோகம்தான். மாமா சொன்னது சரி என்று நானே போன் செய்து சொல்கிறேன். 21 வயதுக்குள் இன்னொரு முறையும் முயலலாம். அதுவும் தவறினால் பி.காம். முடித்து முதுநிலைக்கு, அதற்கு 30 வயது வரை நேரம் இருக்கிறது, மதிப்பெண் 75 சதவீதம் வேண்டும்.

கிளம்பும்போது அவள் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. வெளிநாட்டு விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட விடமாட்டார்கள். இதைச் சரிசெய்யக் காலம் பிடிக்கும். அப்பா, இந்த வாரமே பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் நாள் வாங்கிவிடுங்கள்.